எக்ஸ்ரே கருவி எதை வாங்குவது? மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறைகள்: கேள்வி பதில்

உயிர்மருத்துவப் பொறியியல் மாணவி: சார், சாதா எக்ஸ்ரே, மேமோகிராம், சி.டி. மூன்றையும் டாப்சிஸ் முறையில் (மிகச் சிறந்த, மிக மோசமான மதிப்புகளிலிருந்து உள்ள தூரத்தை வைத்து வரிசைப்படுத்தும் கணக்கு) போட்டேன். சாதா எக்ஸ்ரே முதலிடம். சரிதானா?

கணக்கு சரியாக இருக்கலாம், ஒப்பீடு சரியில்லைம்மா. நெஞ்சு எக்ஸ்ரேக்கு டோஸ், அதாவது நோயாளி வாங்கும் கதிர்வீச்சு அளவு, சுமார் 0.02 மில்லிசீவர்ட், நெஞ்சு சி.டி.க்குச் சுமார் 7. டோஸுக்கும் விலைக்கும் பெரிய எடை (முக்கியத்துவ மதிப்பு) கொடுத்தால் சாதா எக்ஸ்ரேதான் ஜெயிக்கும். ஆனால் நுரையீரல் ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியை அது காட்டாது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்க முடிகிறவற்றை மட்டும் எடுங்கள்: சி.ஆர். (படத்தட்டைத் தனிக் கருவியில் வைத்துப் படிக்கும் முறை), கேபிள் டி.ஆர்., வயர்லெஸ் டி.ஆர். (படம் நேராகக் கணினிக்கு வரும் முறை) என்பதுபோல.

ரேடியோகிராபர்: ஏ.எச்.பி.யில் (அம்சங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, ஒன்று மற்றதைவிட எத்தனை மடங்கு முக்கியம் என்று எண் போட்டு எடை காணும் முறை) முரண் விகிதம், அதாவது எண்கள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்ற அளவு, 1.15 வருகிறது. படத்தரம் டோஸைவிட 3, டோஸ் விலையைவிட 3, படத்தரம் விலையைவிட 1/3 என்று போட்டிருக்கிறேன்.

மூன்றாவது எண்தான் கோளாறு. படத்தரம் டோஸுக்கு மேல், டோஸ் விலைக்கு மேல் என்று சொல்லிவிட்டு, விலையைப் படத்தரத்துக்கு மேலே வைத்துவிட்டீர்கள். அனேகமாகத் தலைகீழாக எழுதியிருப்பீர்கள். 3 போட்டால் விகிதம் 0.1-ஐச் சற்றே தாண்டும், 5 போட்டால் 0.03, 9 போட்டால் பூஜ்யம். 0.1 வரை இருந்தால் ஏற்கலாம். ஆனால் விகிதம் இறங்கவேண்டும் என்பதற்காக எண்ணை மாற்றாதீர்கள். டாக்டரிடம் அந்த ஒரு ஜோடியை மட்டும் மறுபடி கேளுங்கள்.

ஸ்கேன் சென்டர் உரிமையாளர்: 30 லட்சம், 40 லட்சம் என இரண்டு மெஷின். 120 லட்சத்தில் மூன்றாவதைச் சேர்த்ததும் முதல் இரண்டின் வரிசையே மாறிவிட்டது. எப்படி?

டாப்சிஸில் ஒவ்வொரு விலையையும் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் கண்டு அதனால் வகுக்கிறோம். இரண்டு மெஷின் மட்டும் இருக்கையில் வகுக்கும் எண் 50. அப்போது 0.60, 0.80, வித்தியாசம் 0.20. மூன்றாவது வந்ததும் அது 130 ஆகிறது. 0.23, 0.31 என்று வித்தியாசம் 0.08-க்குச் சுருங்கிவிடுகிறது. விலைக்கு நீங்கள் கொடுத்த எடை மாறவில்லை, அதன் பலம் போய்விட்டது. பட்ஜெட் வரம்பை, உதாரணமாக 20 முதல் 60 லட்சம் என்று, முன்பே நிர்ணயித்து அதற்குள் அளவிடுங்கள். 120 லட்ச மெஷின் பட்டியலுக்கே வரக்கூடாது.

விலை என்றால் மெஷின் விலை மட்டுமல்ல. பராமரிப்பு ஒப்பந்தம், மாற்று டிடெக்டர் (கதிரைப் பிடித்துப் படமாக்கும் பலகை) எல்லாம் சேர்த்த பத்தாண்டுச் செலவைப் போடுங்கள்.

அதே உரிமையாளர்: அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அங்கீகாரத்துக்கு எத்தனை சதவீத எடை?

எடையே கூடாது. அங்கீகாரம் இல்லாத மெஷினை விலை மலிவு தூக்கி நிறுத்திவிடும். அதை முதலிலேயே விலக்குங்கள்.

மாணவி: டிடெக்டர் தரத்தை 'நன்று', 'மிக நன்று' என்று ஃபஸி எண்ணாக (வார்த்தை மதிப்பீட்டை ஒற்றை எண்ணாக அல்லாமல் ஒரு எண் வரம்பாகக் குறிப்பது) போடலாமா?

அளக்க முடிந்ததை ஃபஸியாகப் போடாதீர்கள். பயன்படுத்த எளிதா, சர்வீஸ் எப்படி என்பவற்றுக்கு ஃபஸி பொருந்தும். டிடெக்டருக்கு டி.க்யூ.ஈ. எண் (வந்த கதிரை எவ்வளவு திறமையாகப் படமாக்குகிறது என்ற அளவு) இருக்கிறது. டிடெக்டரில் கதிரை ஒளியாக மாற்றும் பொருள்களில் சீசியம் அயோடைடு பொதுவாகக் காடோலினியம் ஆக்ஸிசல்பைடைவிட நல்ல மதிப்பு தரும், அதனால் குறைந்த டோஸில் அதே படம் கிடைக்கும். ஆனால் ஒரே கதிர்த்தரத்தில், ஒரே இடஅதிர்வெண்ணில் (எவ்வளவு நுண்ணிய விவரத்துக்கு என்பதில்) அளந்ததா என்று பாருங்கள். ஒரு நிறுவனம் பூஜ்யத்திலும் இன்னொன்று மில்லிமீட்டருக்கு 1 கோட்டுஜோடியிலும் அளந்து கொடுத்தால் ஒப்பிடவே முடியாது.

ப்ரோமெதி என்ற, மெஷின்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு மதிப்பெண் போடும் முறையில் பிக்சல் அளவுக்கு அலட்சிய வரம்பு (இதற்குள் உள்ள வித்தியாசத்தைப் பொருட்படுத்தாத எல்லை) 10 மைக்ரான் வையுங்கள். இல்லையென்றால் 139 மைக்ரான் 140-ஐ முழு மதிப்பெண்ணில் ஜெயித்துவிடும்.