முழுநேர நாட்டிய மாணவி போட்டி மேடைகளுக்குப் போகலாமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா சென்ற மாதம் மகளுடன் என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார். மகளுக்கு வயது 19. சென்னையில் தங்கிப் பரதநாட்டியப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அம்மாவின் பையில் ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்களும், செலவுக் கணக்கு எழுதிய நோட்டு ஒன்றும் இருந்தன. இனி எந்தெந்தப் போட்டிகளுக்கு அனுப்பினால் பிழைப்புக்கு உதவும் என்று கேட்டார். பொறியியல் இடத்தை விட்டுவிட்டு ஆடப் போனவள் என்று பெண்ணின் தாய்மாமா ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் சொல்லிக் காட்டுகிறாராம். அவர் வாயை அடைக்க வரவேற்பறை அலமாரியில் கோப்பைகள் வேண்டியிருக்கின்றன.

அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்: அனுப்பாதீர்கள். முழுநேரமாக நாட்டியம் படிக்கும் பிள்ளைக்கு, பொழுதுபோக்காகக் கற்பவர்களுக்காக நடத்தப்படும் போட்டிகளில் வேலை இல்லை.

இவள் கலந்துகொண்ட தனியார் போட்டிகளில் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் ஒரே பிரிவு. வாரத்தில் இரண்டு மாலை வகுப்புக்குப் போய், மிச்ச நேரத்தில் பி.காம். படிக்கும் பெண்ணும், காலையிலிருந்து மாலை வரை அடவும் அபிநயமும் பாட்டும் படிக்கும் உங்கள் மகளும் அதே மேடையில் நிற்கிறார்கள். முதல் பரிசு இவளுக்குக் கிடைத்தால் அதில் யாரும் வியப்பதற்கு எதுவுமில்லை, அந்தப் பி.காம். பெண்ணுக்கு மட்டும் அது அநியாயமாகப் படும். கிடைக்காமல் போனால், இவ்வளவு படித்தும் தோற்றோமே என்ற எண்ணம் இவளுடைய அடுத்த மாதப் பயிற்சியையே கெடுத்துவிடுகிறது. இரண்டுமே இவளுக்கு நடந்திருக்கின்றன.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் நேரக்கணக்கில் இருக்கிறது. வகுப்பில், கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணத்தை அரை மணி நேரத்துக்கு மேல் நின்று தாங்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். தாளச் சொற்களுக்கு மூன்று வேகத்தில் ஆடும் திரிகால ஜதியில் மூச்சு வாங்காமல் இறங்கி, அதே முகத்தோடு அடுத்த வரியின் பொருளை விரித்துக் காட்டும் சஞ்சாரிக்குள் போவதுதான் அந்தப் படிப்பின் உயிர். போட்டியிலோ ஐந்து நிமிடம், மிஞ்சினால் எட்டு நிமிடம். பென் டிரைவில் வெட்டி ஒட்டிய பாட்டு, கண்ணைப் பறிக்கும் நாலு பாய்ச்சல், கடைசியில் ஒரு நிலை. இதற்காக மாதக்கணக்கில் பழகிய உடம்பு முழங்காலை மடித்து ஆடும் அரைமண்டியில் பொறுமையாக உட்கார மறந்துபோகிறது; சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து முழங்கால் வலியும் வந்து சேர்கிறது. இந்தப் பெண்ணுக்கு வலது முழங்காலில் வலி இருப்பதை அம்மா என் அறையில்தான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டார்.

பிறகு நோட்டைத் திறக்கச் சொன்னேன். பதினான்கு மாதத்தில் பதினொரு போட்டிகள். நுழைவுக் கட்டணம் 16,500 ரூபாய், ஒப்பனைக்கும் நகை வாடகைக்கும் 27,500, பயணமும் தங்கலும் 44,000, புதிதாகத் தைத்த இரண்டு உடைகளுக்கு 24,000. ஆக மொத்தம் 1,12,000 ரூபாய். மளிகைக் கடை நடத்தும் வீட்டில் இது சின்னத் தொகை அல்ல. பணம் கட்டிய எல்லோருக்கும் ஏதோ ஒரு பட்டம் பொறித்த கேடயம் தரும் போட்டிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றின் சான்றிதழை எந்தத் தேர்வுக் குழுவும் புரட்டிப் பார்க்காது என்பதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். கடன் வாங்கியாவது இன்னும் ஒரு வருடம் பார்க்கலாமா என்று அவர் கேட்டபோது, கூடவே கூடாது என்றேன்.

எல்லா மேடையையும் நான் தடுக்கவில்லை. மாநிலக் கலை பண்பாட்டுத் துறை மாவட்ட அளவில் 17 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கு நடத்தும் கலைப் போட்டிக்கு, ஆசிரியர் ஒப்புக்கொண்டால், ஒரு தடவை போய்வரட்டும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுவரையுள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 5,000 ரூபாய் தரும் உதவித்தொகைக்குக் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும். அங்கே வல்லுநர் குழுவின் முன் ஆடிக் காட்ட வேண்டும், கேட்டதற்குப் பதிலும் சொல்ல வேண்டும்; ஐந்து நிமிடத் துண்டை உருப்போட்டு வைத்திருப்பது அங்கே உதவாது. எந்த மேடையானாலும் படிக்கும் நிறுவனத்தின் அனுமதியை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அம்மா ஒரு போட்டிக்குக்கூட ஆசிரியரிடம் சொல்லவில்லை.

அடுத்துப் பிழைப்பு. பள்ளிக்கூட நடன ஆசிரியர் வேலை, வீட்டு மாடியில் வகுப்பு, தொலைக்காட்சி ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை. பேச்சின் நடுவே அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டேன். ஆசிரியர் இல்லாத நாளில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தட்டுக்கழி என்னும் கோலால் தாளம் தட்டி, சொற்கட்டு என்னும் தாளச் சொற்களைச் சொல்லிக் கொடுப்பதுதான் தனக்கு மிகவும் பிடித்த நேரம் என்றாள். "ஆடத் தெரியாதவங்கதான் உட்கார்ந்து தட்டுவாங்க" என்று அம்மா உடனே குறுக்கிட்டார். அவர் சொன்னது தவறு.

உட்கார்ந்து தாளம் பிடித்து, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவதற்கு நட்டுவாங்கம் என்று பெயர்; ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள் செய்யும் தொழில் அது. ஒன்று இரும்பு, மற்றது வெண்கலம் என்று இரண்டு சிறிய கைத்தாளங்களை வைத்துக்கொண்டு ஒரு கச்சேரி முழுவதையும் நட்டுவனார்தான் கட்டி இழுக்கிறார். ஆடுபவரின் கால் எங்கே விழுகிறதோ அங்கே தாளம் விழ வேண்டும். ஜதியைச் சொல்லும்போது வாய் ஒரு கணக்கில் போகும், கை தாளத்தை விடாது, கண் ஆடுபவரின் மேலேயே இருக்கும். சஞ்சாரி நீண்டால் அந்த வரியை இன்னும் ஒரு தடவை பாடும்படி பாடகருக்குக் குறிப்புக் காட்ட வேண்டும். ஜதியை முடிக்கும் கோவையான தீர்மானம் வரப்போவதை மிருதங்கக்காரருக்கு முன்கூட்டியே உணர்த்த வேண்டும். ஆடுபவர் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, தவறினால் சபைக்குத் தெரியாமல் அவரைத் தூக்கி நிறுத்தவும் வேண்டும். மூன்று எண்ணிக்கைத் திஸ்ரம், நாலு எண்ணிக்கைச் சதுஸ்ரம், ஐந்து எண்ணிக்கைக் கண்டம், ஏழு எண்ணிக்கை மிஸ்ரம், ஒன்பது எண்ணிக்கைச் சங்கீர்ணம் என்று ஐந்து ஜாதிக் கணக்கும் நாக்கில் புரள வேண்டும். இதற்குச் சங்கீதம் தெரிய வேண்டும், குரலும் கனமாக இருக்க வேண்டும். இரண்டும் இந்தப் பெண்ணிடம் இருக்கின்றன. என் மேசையைத் தட்டி ஒரு கண்ட நடை ஜதி சொல்லச் சொன்னேன். அவ்வளவு நேரம் குனிந்திருந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

இன்று நாம் பார்க்கும் மார்க்க வரிசையே, அதாவது கச்சேரியில் உருப்படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் முறையே, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரான சகோதரர்கள் ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. அவர்கள் நட்டுவனார் மரபினர். நீண்ட காலம் ஆண்களின் கையில் இருந்த இந்தத் தொழிலில், நட்டுவனார் வழுவூர் இராமையா பிள்ளையின் மாணவியான கே.ஜே. சரசா பெண்களுக்கு முன்னோடியாக உட்கார்ந்து பெயர் வாங்கினார். ஆகவே இது பெண்ணுக்கு ஆகாது என்று மாமா சொன்னால் அதையும் கேட்க வேண்டாம்.

பதிவிசையை ஓடவிட்டு ஆடும் பழக்கம் பெருகி நட்டுவனாரின் வேலையைக் குறைத்திருப்பது உண்மைதான். ஆனால் அரங்கேற்றத்துக்கும் நல்ல சபைக் கச்சேரிக்கும் நேரடிப் பக்கவாத்தியம் வேண்டும் என்று இன்றும் கேட்கிறார்கள். கோடை விடுமுறையில் அமெரிக்காவில் நடக்கும் அரங்கேற்றங்களுக்கு இங்கிருந்து நட்டுவனாரும் பாடகரும் மிருதங்கக்காரரும் சேர்ந்து விமானம் ஏறுகிறார்கள். ஆடுபவரின் முழங்காலுக்கு வயது உண்டு. தாளம் பிடிப்பவர் அறுபது வயதிலும் உட்காரலாம். சொந்தமாக வகுப்பு நடத்தினாலும், நட்டுவாங்கம் தெரிந்தவர் தம் மாணவியின் அரங்கேற்றத்துக்கு வெளியாளைத் தேட வேண்டியதில்லை.

சென்னை அரசு இசைக் கல்லூரியில் நட்டுவாங்கத்துக்கென்றே தனிப் பட்டயப் படிப்பு நடத்தப்பட்டு வந்திருக்கிறது. சேர்க்கை அறிவிப்பு வரும்போது தகுதியையும் கட்டணத்தையும் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போதைய ஆசிரியரிடமே, வாரத்தில் ஒரு நாள் தாளம் பிடித்துப் பக்கத்தில் உட்கார அனுமதி கேட்கட்டும். முதலில் கச்சேரியின் தொடக்க உருப்படியான அலாரிப்பு, பிறகு அதை அடுத்து வரும் ஜதீஸ்வரம், வர்ணத்துக்கு வர ஒரு வருடம் ஆகும். ஆடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆட்டம் குறைந்தால் நட்டுவாங்கமும் குறையும்.

அடுத்த மாதப் போட்டிக்குக் கட்டிய 2,000 ரூபாய் திரும்பி வருமா என்று கிளம்பும்போது அம்மா கேட்டார். வராது என்றேன். அது போகட்டும், முழங்காலை எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு ஊருக்குப் போங்கள் என்றேன். பெண் அதற்குள் வாசலில் நின்று, நல்ல தாளம் ஒரு ஜோடி என்ன விலை இருக்கும் என்று யாரிடமோ தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.