சால்மன் மீனை வீட்டிலேயே புட்டியில் அடைத்து வைக்க நம் வீட்டு குக்கர் போதுமா?

கடலூரில் இருந்துகொண்டு, வீட்டு பிரஷர் குக்கரையும் பழைய ஊறுகாய்ப் புட்டிகளையும் வைத்துச் சால்மன் மீனை ஃபிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் பாதுகாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பாதுகாக்க முடியும். ஆனால் அந்த குக்கரிலும் அந்தப் புட்டிகளிலும் முடியாது. நானும் கடலூர் முதுநகர்க்காரன்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் என் அக்கா வீட்டில் சால்மன் பருவத்தில் இந்த வேலை நடக்கும்போது கூட நின்று செய்திருக்கிறேன்.

நமக்குக் கைவந்த ஊறுகாய் அனுபவம் இந்த வேலையில் தவறான வழியைக் காட்டிவிடும். ஊறுகாயைக் காப்பது அதன் புளிப்பும் உப்பும்; மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. மீனிலோ புளிப்பு இல்லை, இறுக மூடிய புட்டிக்குள் காற்றும் இல்லை. க்ளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர் வளர்ந்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரப்பதற்கு இதைவிட ஏற்ற சூழல் கிடையாது. அதன் வித்துகள் நூறு டிகிரியில் கொதிக்கும் நீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைத்துவிடும் என்பதால், ஆவியின் அழுத்தத்தால் வெப்பத்தை ஏறத்தாழ 116 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்திப் போதிய நேரம் அங்கேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. அக்கா வீட்டுக்கு வந்திருந்த என் அம்மா, மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் கலந்தால்தானே கெடாது என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

செய்முறை எளியதுதான். செதில், தலை, குடல், துடுப்புகளை நீக்கி, இரத்தம் போகக் கழுவி, முள்ளோடு துண்டு போட்டு, இதற்கென்றே செய்த, அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான கண்ணாடிப் புட்டிகளில் பச்சையாகவே அடுக்குவார்கள். மேலே 2.5 சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. மீனே தன் சாற்றை விடும். ஒரு தேக்கரண்டி உப்பு ருசிக்காக மட்டுமே. விளிம்பில் மீன் எண்ணெய் ஒட்டியிருந்தால் மூடி பிடிக்காது. ஆகவே வினிகர் தொட்ட துணியால் துடைப்பது முக்கியம்.

பிறகு பிரஷர் கேனர் என்ற பெரிய பாத்திரத்தில் வைத்து, பத்து நிமிடம் ஆவியை வெளியே விட்டு உள்ளிருக்கும் காற்றைப் போக்கியபின் எடையை மாட்ட வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில், எடை வைத்த கேனருக்குப் 10 பவுண்டு, அழுத்தத்தைக் கடிகாரம் போல முள்ளால் காட்டும் கேனருக்கு 11 பவுண்டு அழுத்தத்தில் 100 நிமிடம். அழுத்தம் எட்டிய பிறகுதான் கணக்குத் தொடங்கும். நடுவில் இறங்கிவிட்டால் 100 நிமிடத்தையும் முதலிலிருந்து எண்ண வேண்டும். அடுப்பை அணைத்தபின் பாத்திரம் தானாக ஆற வேண்டும். குழாயடியில் காட்டி அவசரப்படுத்தக் கூடாது.

நம் குக்கர் ஏன் ஆகாது என்பதற்கும் இதில்தான் விடை இருக்கிறது. சிறிய குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடுகிறது. கேனர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும்போது மீனுக்குக் கிடைக்கும் வெப்பத்தையும் கருதியே அந்த 100 நிமிடம் வகுக்கப்பட்டிருக்கிறது. விசிலை எண்ணுவது சோற்றுக்குச் சரி. ஒவ்வொரு விசிலின்போதும் அழுத்தம் இறங்கி ஏறும் பாத்திரத்தை நம்பி இந்த வேலையில் இறங்க முடியாது. மசாலாக் குழம்போடு சேர்த்து அடைப்பதற்கும் இந்த 100 நிமிடம் பொருந்தாது, ஏனெனில் கெட்டியான குழம்பில் சூடு ஊடுருவும் வேகம் வேறு.

சால்மன் வங்காள விரிகுடாவில் கிடைப்பதில்லை. சந்தையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படுவது காலா மீன். அது வேறு இனம். நார்வேயிலிருந்து உறைய வைத்து வரும் மீனை அவ்வளவு விலை கொடுத்து வாங்கிப் புட்டியில் அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே அட்டவணை கானாங்கெளுத்தி வகை மீன்களையும் சால்மனோடு சேர்த்தே குறிப்பிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பு துறைமுகத்தில் அது மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கலாம். தானே புயலுக்குப் பிறகு, 2011 முடிந்து 2012 பிறந்த நாட்களில், மின்சாரமின்றி ஃபிரீசர் வெறும் பெட்டியாக நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதன் பயன் புரியும்.

ஆனால் நம் ஊரின் வெயில் ஒரு சிக்கல். அடைத்த புட்டிகளை 35 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால், மே மாதத்துப் பரணும் அடுப்புக்கு மேலுள்ள அலமாரியும் சரிப்படாது. வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான மூலையைத் தேட வேண்டும். ஓராண்டுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. திறக்கும்போது கண்ணாடிச் சில்லு போன்ற படிகங்கள் தென்பட்டால் பயப்படாதீர்கள். அவை மீனில் இயல்பாக உருவாகும் உப்பு. மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் பீய்ச்சினாலோ, ருசி பார்க்காமல் அப்படியே எறிந்துவிடுங்கள். அந்த நஞ்சுக்கு மணமோ சுவையோ இருக்காது.