மலேசியாவின் நிபோங் திபால் பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) நடக்கும் கொலைக் கதை: குடும்பப் பகையை நம்பும்படி எழுதுவது எப்படி?

'சொத்துத் தகராறு' என்று பொதுவாக வைத்தால் கதை நிற்காது. யாருக்கு எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். பலர் சறுக்குவது 'நிலம் மூத்த மகனுக்கே' என்று எழுதுவதில்தான். முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படிதான் சொத்து பிரியும். மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு.

12 ஏக்கர் கித்தாத் (ரப்பர்) தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சாகும்போது தாத்தா போய்ப் பாட்டி மட்டும் உயிரோடு இருந்தால் பாட்டிக்கு 3 ஏக்கர். பிறகு பாட்டியும் உயிலில்லாமல் போனால், அவருக்கு அப்பாவும் சித்தப்பாவும் தவிர வேறு பிள்ளை இல்லையென்றால், அதில் ஒன்றரை ஏக்கர் சித்தப்பாவுக்கு, ஒன்றரை இறந்த அப்பாவின் பிள்ளைகளுக்கு. அப்பாவுக்கு முன்பே பாட்டி இறந்துவிட்டால் அண்ணன் நிலத்தில் சித்தப்பாவுக்கு ஒரு சாண்கூடக் கிடையாது. ஆக, அண்ணன் சாகும்வரை பாட்டி உயிரோடு இருக்க வேண்டும் என்றே, படுக்கையில் கிடக்கும் அவருக்கு வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டும் சித்தப்பாவை வாசகர் பாசக்காரர் என்றே நினைப்பார். பங்கு தாய் வழியாக வருவதால் போலீசும் அவரைக் கடைசியில்தான் பார்க்கும். இதைவிட நல்ல முடிச்சு எனக்குத் தெரியவில்லை.

பகையைக் கத்தல் கூச்சலில் காட்டாதீர்கள். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்க சித்தப்பாகிட்ட சொல்லு" என்று பிள்ளை வழியாகப் பேசுவது போதும். காதுகுத்துக்கு வராத தாய்மாமன், வாய்க்கரிசி போடாமல் வாசலிலேயே நிற்கும் அத்தை: கம்பத்தில் எல்லாரும் இதைக் கவனிப்பார்கள், பல வருடம் பேசுவார்கள்.

நேரக் கணக்குக்குப் பால்வெட்டே சாட்சி. குளிரில்தான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் விடியுமுன் வெட்டத் தொடங்குவார்கள், மரம் மரமாக, வழக்கமான வரிசையில். எந்த மரத்தோடு கை நின்றது என்பது பட்டையிலேயே தெரியும். அதுவரை வெட்டிய மரங்களை எண்ணினால் வேலையை விட்ட நேரம் ஏறக்குறைய வந்துவிடும். பட்டை நனைந்திருந்தால் பால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழாமல் மரத்தில் பரவி வீணாகும். இராத்திரி மழை பெய்தால் அன்று காலை வெட்டு இல்லை. "வெட்டப் போயிருந்தேன்" என்ற பொய் அங்கேதான் உடைய வேண்டும். அந்த மழையை இரண்டாம் அத்தியாயத்திலேயே, கொடியில் துணி காயவில்லை என்று அம்மா அலுத்துக்கொள்ளும் பேச்சில் வைத்துவிடுங்கள்.