சாக்லேட் குட்டி, மூவர்ணக் கடுவன்: பூனை பிரீடிங் கேள்வி-பதில்

கேள்வி: பிராட்வே சந்தையில் வாங்கிய 'டால் ஃபேஸ்' பர்ஷியன் கடுவன் இருக்கிறது. அதை வைத்துப் பெடிக்ரீ பிரீடராக முடியுமா? (பெரம்பூர்)

முடியாது. அழகு வேறு, பெடிக்ரீ வேறு. குறைந்தது மூன்று தலைமுறை முன்னோர்களின் பெயராவது காகிதத்தில் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் சி.எஃப்.ஏ., டி.ஐ.சி.ஏ. போன்ற பூனைப் பதிவுச் சங்கம் ஒன்று தந்ததாக இருக்க வேண்டும். 'டால் ஃபேஸ்', 'பஞ்ச் ஃபேஸ்', 'டிரிபிள் கோட்' எல்லாம் விற்பவர்களின் பேச்சு. அவை தனி இனங்கள் அல்ல.

தவிர, புதிதாகத் தொடங்குபவர் கடுவனை வைத்துத் தொடங்கவே கூடாது. கருத்தடை செய்யாத கடுவன் சுவரெல்லாம் சிறுநீர் பீச்சும். அப்பார்ட்மென்ட்டில் அந்த வாடைக்கே சண்டை வரும். நல்ல பெட்டை ஒன்றை, குட்டி எடுக்கலாம் என்ற எழுத்துபூர்வ அனுமதியோடு வாங்கி, வெளியே உள்ள கடுவனிடம் கொண்டுபோவதுதான் வழக்கம். உங்கள் கடுவன் செல்லமாகவே இருக்கட்டும். கருத்தடை செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கறுப்பு பர்ஷியன் ஜோடிக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி பிறந்திருக்கிறது. இப்படி நாங்கள் பார்த்ததே இல்லை. புது நிறம் என்று பதிவு செய்யலாமா? (அண்ணா நகர்)

முதலில் சில மாதங்கள் பொறுங்கள். கறுப்புக் குட்டிகள் பல சின்ன வயதில் கறுப்பாகத் தெரியாது. நம் ஊர் வெயிலில் மொட்டை மாடியே கதி என்று கிடக்கும் கறுப்புப் பூனையின் ரோமமும் செம்பட்டை பாயும். சினையாக இருந்தபோது தாய்க்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் குட்டிகள் சாம்பலும் வெள்ளியுமாகப் பிறந்து, மெல்ல சொந்த நிறத்துக்குத் திரும்பும்.

அதற்குப் பிறகும் பழுப்பாகவே இருந்தால் அது பெரும்பாலும் சாக்லேட். உங்களுக்குப் புதிது, பர்ஷியனுக்குப் புதிதல்ல. 1930-களில் ஹார்வர்டில் மரபியலாளர் கிளைட் கீலரும் பிரீடர் வர்ஜீனியா காபும், முகமும் காதும் கால்களும் மட்டும் கருத்திருக்கும் சியாமீஸையும் பர்ஷியனையும் கலந்து பார்த்தார்கள். பிறகு அந்த வழியில், சியாமீஸ் நிறமும் பர்ஷியன் ரோமமும் கொண்ட ஹிமாலயன் உருவானது. அதன் மூலம் சாக்லேட்டும் பர்ஷியன் வம்சத்துக்குள் வந்தது. இது ஒடுங்கு குணம்; மரபணுவின் இரண்டு பிரதிகளும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். தாய், தந்தை இருவரும் ஆளுக்கொரு பிரதியை மறைத்து வைத்திருந்தால் 4-இல் 1 குட்டிக்கு வாய்ப்பு. நிறத்தை மங்கவைக்கும் மரபணுவும் இருவரிடமும் மறைந்திருந்தால் லிலாக் என்ற வெளிறிய சாக்லேட் வரும். அதற்கு வாய்ப்பு 16-இல் 1. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் மரபணுச் சோதனையே சொல்லிவிடும்.

சரி, சோதனைக்கும் பிடிபடாத நிறம் என்றால்? அப்போது இனச்சேர்க்கைதான் சாட்சி. 1930-இல் டாக்டர் ஜோசப் தாம்சன் பர்மாவைச் சேர்ந்த வாங் மாவ் என்ற பழுப்புப் பெட்டையை சான்பிரான்சிஸ்கோவில் வளர்த்தார். நிறம் கறுத்துப்போன சியாமீஸ் என்றுதான் பலர் நினைத்தார்கள். சியாமீஸ் கடுவனோடு சேர்த்தபோது குட்டிகளில் சில சியாமீஸைப் போலவும் சில தாயைப் போலவும் இருந்தன. தாயைப் போன்ற குட்டிகளை மேலும் சேர்த்தபோது அதைவிடக் கருமையான ஒரு வகை தனியாக வந்தது. அதுதான் பர்மீஸ். வாங் மாவே கலப்பு என்பது அப்போதுதான் தெரிந்தது.

நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். குட்டி வளர்ந்ததும் உறவில்லாத, நன்கு தெரிந்த வம்சத்துக் கறுப்போடு சேர்த்துப் பாருங்கள். எல்லாமே கறுப்பாகப் பிறந்தால் ஒடுங்கு குணம் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கறுப்பில் ஒன்றை மீண்டும் பழுப்போடு சேர்த்தால் சராசரியாகப் பாதி பழுப்பு வர வேண்டும். ஆண்டுக் கணக்கில் ஆகும் வேலை. சீக்கிரம் முடிக்கலாம் என்று தாயையும் மகனையும் சேர்த்தால் குட்டிகளின் உள்வம்ச அளவு (நெருங்கிய உறவுக் கலப்பைக் காட்டும் எண்) 25 சதவீதம். நிறத்தோடு ஒளிந்திருக்கும் நோய்களும் வெளியே வரும்.

பின்லாந்தில் நுனியை நோக்கி வெளுக்கும் 'சால்மியாக்' ரோமத்தை 2007-இல் கவனித்தார்கள். காரணமான மரபணு மாற்றம் பற்றிய கட்டுரை 2024-இல்தான் வந்தது. ஆராய்ச்சியாளர்களுக்கே அவ்வளவு காலம். அதற்குள் பிறக்கும் கறுப்புக் குட்டிகளுக்கெல்லாம் வீடு பார்க்க வேண்டியவர் நீங்கள். அதை யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: மூவர்ணக் கடுவன் ஒன்று கிடைத்திருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே? (தாம்பரம்)

போகாது. ஆரஞ்சு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. எந்த மரபணு என்பதை ஜப்பானிய, அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் 2025-இல் வெளியிட்டன. கறுப்பும் ஆரஞ்சும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் வேண்டும் என்பதால் பெரும்பாலும் பெட்டைக்கே அந்த நிறம். கடுவனுக்கு வந்தால் வழக்கமாக எக்ஸ்எக்ஸ்ஒய், அதாவது ஒரு எக்ஸ் கூடுதல்; குட்டி கொடுக்காது. பிரீடருக்கு அதனால் பயனில்லை. பாசமாக வளர்க்கலாம்.

கேள்வி: நீலக்கண் வெள்ளை இரண்டையும் சேர்த்தால் வெள்ளைக் குட்டிகளே வருமா? (மயிலாப்பூர்)

வெள்ளை ஓங்கு குணம்; கீழே இருக்கும் வேறு நிறத்தை மூடி நிற்கிறது. அதனால் வெள்ளை ஜோடிக்கும் நிறக்குட்டி பிறக்கலாம். குட்டியாக இருக்கையில் உச்சந்தலையில் சின்னக் கறை தெரிந்தால் மறைந்திருக்கும் நிறம் அதுதான். ஆனால் இந்த ஜோடியைச் சேர்க்கவே வேண்டாம். வெள்ளை ரோமமும் நீலக்கண்ணும் சேரும் இடத்தில் செவிட்டுத்தன்மை மிக அதிகம். கைதட்டிப் பார்ப்பதை நம்பாதீர்கள், பூனை அதிர்வை உணர்ந்து திரும்பும்.

கேள்வி: பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்த குட்டிகள் இரண்டு நாளில் ஒவ்வொன்றாக இறந்தன. சிறுநீர் செம்பழுப்பாக இருந்தது. ஏன்? (வேளச்சேரி)

இரத்த வகையைச் சந்தேகப்படுங்கள். தாய் பி வகை, தந்தை ஏ வகை என்றால் ஏ வகைக் குட்டிகளுக்குச் சீம்பாலே விஷம்; தாயின் எதிர்ப்பொருள் குட்டியின் இரத்த அணுக்களை உடைக்கிறது. பர்ஷியன், பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இரண்டிலும் பி வகை உண்டு. அடுத்த முறை சேர்க்கும் முன் இருவருக்கும் வகை பாருங்கள். வேறு வழியில்லாமல் இந்த ஜோடியே என்றால், பிறந்ததும் குட்டிகளைப் பிரித்து முதல் ஒரு நாள் மாற்றுப்பால் கொடுக்க வேண்டும். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் முயல வேண்டாம். அப்புறம், தொற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். இனி குட்டி இறந்தால் புதைக்காமல், குளிரில் வைத்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள்.

கேள்வி: லாபம் எவ்வளவு வரும்? (கொளத்தூர்)

மே மாத ஏ.சி. பில், தடுப்பூசி, தட்டை முகப் பெட்டைக்குத் தேவைப்படக்கூடிய சிசேரியன், ஒரு பூனைக்கு வந்தால் வீடு முழுக்கப் பரவும் படர்தாமரை: இதெல்லாம் போக ஏதாவது மிஞ்சினால் லாபம். பர்ஷியன் என்றால் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான பி.கே.டி. சோதனையும் கட்டாயம், ஓங்கு குணம் என்பதால் ஒரு பெற்றோரிடம் இருந்தாலே பாதிக் குட்டிகளுக்கு வரலாம். கடை போடும் எண்ணம் இருந்தால் 2018-ஆம் ஆண்டின் வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு வேண்டும். முதல் பெட்டையை வாங்கும் முன்பே, பிறக்கப்போகும் குட்டிகளுக்கு எத்தனை வீடு கையில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்.