மருத்துவம் கிடைக்காவிட்டால் புற்றுநோய் ஆராய்ச்சியும் போச்சா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பல்கலைக்கழக அனுமதிக்கான மகளின் இஸட் புள்ளி கொழும்பு மாவட்ட மருத்துவ வெட்டுப்புள்ளியை எட்டவில்லை, உயர்தரப் பரீட்சையை இன்னொரு தடவை எழுத வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சொல்வதாக நீங்களே எழுதியிருப்பது, 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும்' என்பதுதானே? நோயாளியைப் பார்ப்பது ஒரு வேலை, மருந்து கண்டுபிடிப்பது இன்னொரு வேலை.

இமாடினிப் என்ற மருந்தைப் பாருங்கள். நாட்பட்ட மைலாய்டு லூக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் உண்டாகிறது. கலம் பெருகிக்கொண்டே இருக்கும்படி அது ஓயாமல் சமிக்ஞை கொடுக்கும். அந்தப் புரதத்தில், கலத்துக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு வந்து அமர ஒரு குழி உண்டு. அங்கே இமாடினிப் முந்திப் போய் உட்கார்ந்துகொள்ள, சமிக்ஞை அடங்கிவிடும். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்காக உழைத்தவர்களில் பிரையன் ட்ரக்கர் மருத்துவர். நிக் லைடன் உயிர் இரசாயனவியலாளர். யூர்க் சிம்மர்மன் இரசாயனவியலாளர். பல புற்றுநோய்களைத் தூண்டும் கேராஸ் என்ற புரதமோ பல பத்தாண்டுகள் எந்த மருந்துக்கும் மசியவில்லை. 2021இல்தான் அதன் ஒரு வகைக்கு சொட்டோராசிப் அனுமதி பெற்றது. ஆகவே வேலை இன்னும் நிறையக் கிடக்கிறது.

அதனால் இரசாயனவியலில் அவளுக்கு என்ன பெறுபேறு என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நல்லதென்றால் கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தைத் தெரிவுகளில் மேலே போடலாம். அரச பல்கலைக்கழகம் சரிவராவிட்டால் இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் பட்டதாரிக் கற்கைநெறி இருக்கிறது, ஆனால் கட்டணம் உண்டு. இரண்டும் ஆங்கில மொழிமூலம். தமிழில் படித்த பிள்ளை என்றால் ஆங்கிலத்தை இப்போதே தொடங்கட்டும்.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பட்டம் முடிந்த கையோடு பெரிய சம்பளம் வராது. இந்தத் துறையில் நிற்க பிஎச்டி வேண்டும், பெரும்பாலும் வெளிநாட்டில். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் அதற்கு உதவித்தொகை தருவதால் வீட்டை ஈடு வைக்கத் தேவையில்லை. (மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை அம்மா.)

மருத்துவம்தான் வேண்டும் என்று அவளே சொன்னால், சரி, திரும்ப எழுதட்டும். அவளிடம் அதைக் கேட்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்: புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் இணையத்தளம் இலவசம். இமாடினிப் அந்தக் குழிக்குள் இருக்கும் முப்பரிமாண வடிவத்தை அதில் சுழற்றிப் பார்க்கலாம். ஒரு பின்னேரம் அவளை அதோடு விட்டுப் பாருங்கள். பிறகு பெறுபேற்றுத் தாளோடு இருவரும் வாருங்கள், தெரிவு வரிசையைச் சேர்ந்து எழுதுவோம்.