டெங்குக்காக எங்கட ஜீனை வெட்டலாமா? (வாசகர் கடிதம்)

வணக்கம் அண்ணா, நான் வெள்ளவத்தையில இருக்கிறன், ஏ.எல் பயோ படிக்கிறன். போன மாசம் தம்பிக்கு டெங்கு வந்து வார்ட்டில வச்சிருந்தவை. ஒரே வீடு, அதே நுளம்பு, ஆனா அம்மாவுக்கு ஒண்டுமே வரேல்ல. மனுசக் கலத்தில ஜீன் ஜீனா வெட்டிப் பாத்து டெங்குக்கு எது தேவையெண்டு கண்டுபிடிச்சிருக்கினம் எண்டு நீங்கள் எழுதியிருந்தீங்கள். அப்ப அம்மாட்ட அந்த ஜீன் இல்லையோ? எங்களுக்கும் அதை வெட்டிவிட்டா டெங்கு வராதோ?
தர்ஷினி

தங்கச்சி தர்ஷினி,

முதல்ல அம்மாவின்ர கதை. டெங்கு தொத்தின கனபேருக்கு காய்ச்சலே வாறேல்ல, அம்மாவுக்கும் அப்பிடி வந்து போயிருக்கலாம், இல்லாட்டி அதே வகை டெங்கு முந்தியே வந்து உடம்பில எதிர்ப்பு இருந்திருக்கலாம். அதுக்கு ஜீன் வரைக்கும் போகத் தேவையில்லை.

டெங்கு வைரஸுக்குச் சொந்தமா இருக்கிறது 10 புரதம்தான், எங்களிட்ட கிட்டத்தட்ட 20,000 ஜீன். மிச்ச வேலையெல்லாம் அது எங்கட கலத்தின்ர சாமானை வச்சுத்தான் செய்யுது, எந்தச் சாமான் எண்டு பிடிக்கத்தான் கிரிஸ்பர் எண்ட ஜீன் வெட்டுற கருவியால செய்யிற இந்த வேலை. கோடிக்கணக்கான கலத்தை எடுத்து ஒவ்வொண்டிலயும் ஒரேயொரு ஜீனைக் கெடுக்கிறது, எதை வெட்டோணுமெண்டு காட்டுற வழிகாட்டி ஆர்.என்.ஏயின்ர குறியீடு அந்தக் கலத்தின்ர டி.என்.ஏயிலேயே பதிஞ்சிருக்கும், பேந்து டெங்குவை விட்டா கனக்க கலம் செத்துப்போகும், தப்பினதுகளின்ர டி.என்.ஏயை வாசிச்சா எந்த ஜீன் இல்லாததால தப்பினதெண்டு விளங்கிடும். முன்கூட்டி ஒண்டையும் ஊகிக்கத் தேவையில்லை, எனக்கு இதில ஆகப் பிடிச்சது அதுதான்.

2016இல ஸ்டான்ஃபோர்ட் ஆக்கள் இப்பிடித் தேடேக்க மாட்டினது ஓ.எஸ்.டி எண்ட புரதக் கூட்டம். நீங்கள் படிக்கிற அகமுதலுருச் சிறுவலையில (கலத்துக்குள்ள புரதம் செய்யிற ஒரு இடம்) இருந்துகொண்டு புதுப் புரதங்களுக்கு வெல்லச் சங்கிலி ஒட்டுறது இதுதான். அது இல்லாட்டி டெங்கு பெருகாது. ஆனா வெல்லம் ஒட்டுற சக்தியை மட்டும் கெடுத்துப்போட்டு புரதத்தை அப்பிடியே விட்டா டெங்கு நல்லாப் பெருகுது! அதுக்குத் தேவை ஓ.எஸ்.டியின்ர வேலை இல்லை, ஏறி நிக்க அதின்ர உடம்பு.

அப்ப வெட்டலாமோ? கூடாது தங்கச்சி. ஆய்வுகூடத்தில வளருற ஈரல் புற்றுநோய்க் கலம் ஓ.எஸ்.டி இல்லாமலும் உயிரோட இருக்கும், பிள்ளைக்கு அப்பிடியில்லை. ஓ.எஸ்.டியின்ர ஒரு பகுதியான எஸ்.டி.டி.3.ஏ பழுதாப் பிறந்த பிள்ளைகள் இருக்கினம், அவைக்கு வளர்ச்சி பிந்துது, வலிப்பு வருது. 2018இல சீனாவில ஒருத்தர் எச்.ஐ.வி வராமலிருக்க, அந்த வைரஸ் கலத்துக்குள்ள நுழையப் பாவிக்கிற சி.சி.ஆர்.5 எண்ட ஜீனை வெட்டி ரெட்டைப் பிள்ளைகளைப் பிறக்க வச்சார், அவரை மறியல்ல போட்டாங்கள். அந்த ஜீன் இல்லாத ஆக்களுக்கு டெங்குவின்ர சொந்தக்கார வைரஸ் வெஸ்ட் நைல் வந்தா கடுமையாகிற ஆபத்துக் கூட. பிறக்காத பிள்ளையில இந்த விளையாட்டு எனக்குச் சரியான கோவம்.

இந்தத் தேடலின்ர பிரயோசனம் மருந்துதான். கொஞ்ச நாளைக்கு மட்டும் அந்தச் சாமானை மறிச்சு வைக்கிற மருந்து. ஓ.எஸ்.டியை மறிக்கிற என்.ஜி.ஐ-1 எண்ட ஒண்டு ஆய்வுகூடக் கலத்தில டெங்குவையும் ஸிகாவையும் மறிச்சுது. வைரஸ் தன்ர ஜீனை மாத்தி மருந்துக்குத் தப்பப் பாக்கும், ஆனா எங்கட ஜீனை அதால மாத்தேலாது, அது பெரிய வாசி. ஆனா லேசில்லை, அதே வெல்லச் சங்கிலி வேலையில கைவைக்கிற செல்கோசிவிர் சிங்கப்பூரில டெங்கு நோயாளிகளுக்குக் குடுத்தும் வைரஸும் காய்ச்சலும் பெரிசாக் குறையேல்ல.

தம்பியைக் கவனமாப் பாருங்கோ. டெங்கு நாலு வகை, ரெண்டாந்தரம் வேற வகை வந்தா கடுமையாகலாம். காய்ச்சலெண்டா கெதியா டொக்டரிட்ட காட்டுங்கோ, பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் குடுங்கோ, டிஸ்பிரின், புரூஃபன் ஒண்டும் வேண்டாம். காய்ச்சல் இறங்கிற அந்த ஒண்டு ரெண்டு நாளிலதான் கூடக் கவனம் வேணும், வயித்துநோ, விடாத சத்தி, ரத்தக்கசிவு கண்டா உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.