கெலோனா கடைக்காரர் டபிள்யூ.ஏ.சி. பென்னெட் முதல்வரான கதை: கேள்வி பதில்

கே: கனடா பிரதமராக இருந்த பென்னெட் இவர்தானே?
ப: இல்லை. பிரதமர் ஆர்.பி. பென்னெட், வழக்கறிஞர், 1930–35. இவர் டபிள்யூ.ஏ.சி. பென்னெட், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண முதல்வர், 1952–72. இருவரும் பிறந்தது நியூ பிரன்ஸ்விக்கில். பெயரின் முன்னெழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: கடைக்காரர் முதல்வரானது எப்படி?
ப: 1930ல் அந்த மாகாணத்தின் கெலோனா நகருக்கு வந்து ஹார்டுவேர் கடை வாங்கினார். 1941ல் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் சட்டமன்றம் போனார். மாகாணக் கட்சித் தலைமைக்கு இருமுறை நின்று தோற்றார். 1948 நாடாளுமன்ற இடைத்தேர்தலிலும் தோல்வி. 1951ல் கட்சியை விட்டு விலகி, சோஷியல் கிரெடிட் கட்சியில் சேர்ந்தார். 1949 தேர்தலில் ஓர் இடம்கூட வெல்லாத கட்சி அது!

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். சோஷலிசக் கட்சியான சிசிஎஃப் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாதென்று, ஆண்ட லிபரல்–கன்சர்வேட்டிவ் கூட்டணி விருப்ப வரிசை வாக்குமுறையை (வேட்பாளர்களை 1, 2, 3 என்று வாக்காளர் வரிசைப்படுத்தும் முறை) கொண்டுவந்தது. 1952ல் முதல் விருப்பத்தில் சிசிஎஃப்தான் முந்தியது. ஆனால் இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் சோஷியல் கிரெடிட்டுக்குக் குவிந்தன. 48 இடங்களில் சோஷியல் கிரெடிட்டுக்கு 19, சிசிஎஃப்புக்கு 18. வென்ற பிறகே உறுப்பினர்கள் கூடி பென்னெட்டைத் தலைவராக்கினார்கள். 1953ல் தனிப்பெரும்பான்மை கிடைத்ததும் அந்த வாக்குமுறையையே எடுத்துவிட்டார்.

கே: மாகாணத்தின் கடனை முழுக்க அடைத்தாராமே?
ப: இதை அப்படியே நம்பாதீர்கள். 1959 ஆகஸ்டில் ஒக்கனாகன் ஏரியில், கடன் பத்திரங்கள் ஏற்றிய மிதவையைக் கொளுத்தி விழா எடுத்தார். தீர்ந்தது நேரடிக் கடன் மட்டும். பாலங்கள், ரயில்வே கடன்கள் அரசு உத்தரவாதத்தோடு தனி அமைப்புகளின் கணக்கில் இருந்தன.

கே: பாலத்துக்குச் சுங்கம் வருகிறது, அதிலேயே அடைத்துவிடலாம். அது எப்படி மக்கள் கடனாகும்?
ப: நியாயமான வாதம். ஆனால் 1963ல் பாலச் சுங்கத்தை நீக்கியதும் அவரேதான். வருமானம் நின்றால் உத்தரவாதம் தந்த அரசுதானே கட்ட வேண்டும்? பல ஆண்டுகள் நிதித்துறையையும் தன்னிடமே வைத்திருந்தவருக்கு இது தெரியாததல்ல.

கே: சரி, உருப்படியாக எதுவும் செய்யவில்லையா?
ப: நிறைய. 1960ல் அரசுப் படகுச் சேவை, பிறகு பிசி ஹைட்ரோ என்ற அரசு மின் நிறுவனம், பீஸ் நதியில் 1968ல் திறந்த பெரிய அணை. அந்த அணையின் நீர்த்தேக்கத்தில் சே கே டெனே பழங்குடியினரின் நிலம் மூழ்கியது. அணையைப் பாராட்டுகிறவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே: இவர் பிரதமராக எந்த ஆண்டு…
ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: மகனும் முதல்வரா?
ப: ஆம். பில் பென்னெட், 1975–86.